பார் லைனில் மூச்சு எடுக்காதீர்கள்

கச்சேரிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஒத்திகையில், சேஷாத்ரி சார் என் இசைத்தாளில், அதாவது ஸ்கோரில், சிவப்புப் பேனாவால் அடிக்க ஆரம்பித்தார். டெல்லியில் நான் அரேஞ்சராக இருந்த விண்ட் ஆன்சாம்பிள் என்ற ஊதுகருவிக் குழுவுக்கு அவர்தான் கண்டக்டர். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, பெரிய அதிகாரியாக ரிட்டயர் ஆனவர். எதிர்த்துப் பேசினால் பிடிக்காது.

பரோக் காலத்துக் கீபோர்டு ஃபியூக் ஒன்றை நான் ஊதுகருவிகளுக்கு மாற்றி எழுதியிருந்தேன். ஃபியூகில் ஒரு சின்ன மெலடியை ஒரு குரல் தொடங்கும், பிறகு மற்ற மூன்றும் ஒவ்வொன்றாக அதையே எடுக்கும். நான்கும் சமம், பக்கவாத்தியம் என்று யாரும் இல்லை. கீபோர்டுக்கு மூச்சு வேண்டாம், ஊதுகிறவருக்கு வேண்டும். அங்கேதான் எங்கள் தொழிலே இருக்கிறது.

எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ராணுவ பேண்டில் இருந்தவர்கள். அணிவகுப்பு மார்ச் வாசித்துப் பழகியவர்கள், தாளக் கட்டங்களைப் பிரிக்கும் பார் லைன் வந்தால் எல்லோரும் சேர்ந்து மூச்சு எடுப்பார்கள். மார்ச் அதைத் தாங்கும். ஃபியூகில் அப்படிச் செய்தால் நான்கு குரலும் ஒரே பள்ளத்தில் விழும். அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிய தாளில், அவரவர் பார்ட்டில், மூச்சுக் குறியை வேறு வேறு இடத்தில் வைத்திருந்தேன். அதைத்தான் அவர் அடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது, ஆளுக்கொரு இடத்துல மூச்சு? எல்லாரும் ஒண்ணா எடுத்தாத்தான் பேண்டு! அச்சா, இதுல ட்யூன் எங்க இருக்கு?"

"நாலு பேர்கிட்டயும் இருக்கு சார்."

"பப்ளிக்குக்கு ஒண்ணு போறும். ட்ரம்பெட்டுக்குக் குடுங்கோ. மத்தவா பக்கவாத்தியமா பின்னால கார்ட் பிடிக்கட்டும்."

"அப்புறம் அது ஃபியூக் இல்ல சார்."

"பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு நிக்காதீங்கோ. மாத்தலேன்னா உங்க பீஸ் ப்ரோக்ராம்ல கிடையாது."

எனக்கு ரத்தம் கொதித்தது. சரி, கிடையாது என்றே இருக்கட்டும் என்று ஸ்டாண்ட் ஸ்டாண்டாகப் போய் பார்ட்டுகளை எடுக்கத் தொடங்கினேன். செகண்ட் கிளாரினெட் வாசிக்கும் மெர்சி மட்டும் தாளின்மேல் கையை வைத்துக்கொண்டு விடவில்லை.

"எடுக்காதீங்கக்கா. இத்தன வருஷமா கார்ட்தான் ஊதிட்டிருக்கேன். இதுலதான் எனக்குன்னு ஒரு வரி வந்திருக்கு. நீங்க கோவத்துல இதையும் பிடுங்கிட்டுப் போறீங்க."

சுரீரென்றது. அவள் சொன்னது நியாயம். ரோஷத்தில் நான் செய்யப் போனதும் சார் செய்யச் சொன்னதும் அவளுக்கு ஒன்றுதான்.

பார்ட்டுகளைத் திரும்ப வைத்துவிட்டு அவரிடம் போனேன். "சார், அரேஞ்சர்னு என் பேர எடுத்துடுங்க. உங்க பேரையே போட்டுக்கோங்க. மூச்சுக் குறிய மட்டும் தொடாதீங்க."

அவர் என்னைப் பார்த்தார், தாளை விடாத மெர்சியைப் பார்த்தார். "ஜல்தி ஆரம்பிங்கோ, டைம் ஆறது" என்று பேனாவை மூடினார்.

கச்சேரியில் ஃபியூக் எழுதியபடியே வாசிக்கப்பட்டது. அரேஞ்சர் என்று அவர் பெயரே அச்சாகியிருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். மெர்சியின் வரி அங்கே வரை துல்லியமாக வந்தது. அடுத்த சீசனுக்கு என்னை அவர் கூப்பிடவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, பெயரைக் கேட்டால் கொடுத்துவிட்டுப் போங்கள், அது உங்களுடையது. செகண்ட் கிளாரினெட்டின் வரியை விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.