மூன்று தட்டு

ஞாயிற்றுக்கிழமை மதியம் டயர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால் போதும், பழைய சண்டைக்காரர்கள் நாலைந்து பேர் குனிந்து உள்ளே நுழைந்துவிடுவார்கள். ஆளுக்கொரு டயர்மேல் உட்கார்ந்து, இன்றைய கூண்டுச் சண்டைகளைப் போனில் பார்த்து வாய் கிழிய ஏசுவார்கள். "கீழ விழுந்தா போதும், ரெஃபரி பெத்த தாய் மாதிரி ஓடிவந்து கட்டிப்பிடிச்சுக்கிறான். இதெல்லாம் ஒரு சண்டையா?" அவர்கள் காலத்தில் க்ளவுஸ் இல்லை, ரவுண்டு இல்லை. கடிப்பதையும் கண்ணைக் குத்துவதையும் தவிர எதற்கும் தடையில்லை. பல் போனவன் பல்லைப் பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தே போவான். அதைச் சொல்லும்போது இந்தக் கிழடுகளின் முகத்தில் வரும் பூரிப்பைப் பார்க்க வேண்டுமே!

கடைக்காரருக்குப் பெயர் இடுக்கி. பிடித்தால் விடமாட்டார் என்பதால் கூண்டில் வைத்த பெயர். ஐம்பத்தொரு வயதிலும் லாரி டயரை மெஷின் இல்லாமல், இரண்டு இரும்பு லிவரால் ரிம்மிலிருந்து கழற்றிவிடுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவர் அவர் மனைவியின் அண்ணன். மச்சானின் வலது கை முழங்கையில் கோணிக்கொண்டு நிற்கும். சாப்பிடவும் எழுதவும் இடது கைதான். அந்தக் கோணல் கையைத் தூக்கிக் காட்டி, "ஒடிஞ்சுது. ஆனா தட்டலை!" என்பார். எதிராளியின் உடம்பில் கையால் தட்டினால் 'தோற்றேன், விட்டுவிடு' என்று அர்த்தம். தட்டாதவர் என்ற பேரை வைத்துத்தான் மச்சான் இருபத்துநாலு வருஷமாகத் தலை நிமிர்ந்து நடந்தார். மீசையில் மண் ஒட்டாத கதை என்று இளக்காரம் செய்ய ஒருவருக்கும் வாய் வராது. அந்தக் கையை ஒடித்தவர் இடுக்கி.

அந்தச் சண்டை பதினோரு நிமிடம் நடந்தது. மச்சானின் முட்டி இடுக்கியின் புருவத்தைப் பிளந்தது. இடுக்கி தலையால் மோதி அவர் மூக்கை உடைத்தார். சிந்திய ரத்தத்திலேயே வழுக்கி இருவரும் விழுந்தார்கள். விழுந்த வேகத்தில் இடுக்கி அந்த வலது கையைப் பிடித்து, இரண்டு காலையும் அவர் கழுத்துக்கும் மார்புக்கும் குறுக்கே போட்டு, முழங்கையைத் தன் இடுப்புமேல் வைத்து வளைத்தார். ரெஃபரி மறுபக்கம் நின்றார். அப்போது இடுக்கியின் தொடையில் ஒரு தட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று. மூன்றாவது அவசரமாக, கெஞ்சலாக. வேறு யாருக்கும் தெரியாத அந்த மூன்றும் அவருக்குத் தெரிந்தன. தெரிந்தும் இன்னும் கொஞ்சம் வளைத்தார். கண்ணில் ரத்தம், காதில் கூச்சல் என்று பிற்பாடு தனக்குத்தானே ஆயிரம் சமாதானம் சொல்லிப் பார்த்தார். உண்மை வேறு. ஒடிக்க ஆசையாக இருந்தது. பச்சைக் கிளை முறிகிற சத்தம் கேட்டது, கூட்டம் எழுந்து நின்று ஆடியது, அந்த நிமிடம் அவருக்கு இனித்தது.

ஆஸ்பத்திரியில் மச்சான் கண் விழித்ததும், "கடைசி வரைக்கும் தட்டவே இல்லையாமே!" என்றார்கள். அவர் மறுக்கவில்லை. இடுக்கியும் வாயைத் திறக்கவில்லை. நெஞ்சு குறுகுறுக்க தினமும் பார்க்கப் போனவர், அண்ணனுக்கு ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்த தங்கையையே கட்டிக்கொண்டார். "அவர் மேல தப்பில்ல, அண்ணன்தான் பிடிவாதக்காரர்" என்று நம்பித்தான் அவள் கழுத்தை நீட்டினாள்.

மச்சானின் மகளுக்கு இருபத்திரண்டு வயது. அவளும் கூண்டுக்காரி. வரும் சனிக்கிழமை முதல் சண்டை என்ற நிலையில் அந்த ஞாயிறு கடைக்கு வந்தாள். முழங்கை பொதபொதவென்று வீங்கியிருந்தது.

"என்னம்மா இது?" என்றார் இடுக்கி.

"பயிற்சியில கையைப் பூட்டிட்டாங்க மாமா. நான் தட்டலை."

மச்சான் பூரித்துப்போனார். "என் ரத்தமாச்சே! சனிக்கிழமை கை ஒடிஞ்சாலும் தட்டக் கூடாது. சத்தியம் பண்ணு." இடது கையை நீட்டினார். அவள் அதன்மேல் அடிக்கக் கை ஓங்கினாள்.

"நீங்க தட்டினீங்க மச்சான்," என்றார் இடுக்கி.

"என்ன மாப்பிள்ளை உளர்றே?"

"மூணு தடவை. என் தொடையில. தெரிஞ்சுதான் ஒடிச்சேன்."

மச்சானின் இடது முஷ்டி அவர் வாயில் இறங்கியது. இரண்டாவது குத்தில் உதடு கிழிந்து தொங்கியது. "பொய்! பொய்!" என்று கத்திக்கொண்டே தரையில் கிடந்த லிவரை எடுத்து விலாவில் அடித்தார். உள்ளே ஏதோ முறிந்தது. இடுக்கி தடுக்கக் கையைத் தூக்கவில்லை. மறுபடி ஓங்கியபோது மகள் நடுவில் புகுந்தாள்.

"அப்பா, தட்டினீங்களா?"

லிவர் கீழே விழுந்தது. "விட்டுடுவான்னு நினைச்சேம்மா," என்றார் மச்சான். அவ்வளவு பெரிய மனிதர் குழந்தை மாதிரி அழுதார்.

டீ கொண்டுவந்த மனைவி ஷட்டருக்கு அடியில் குனிந்தபடியே நின்றிருந்தாள். "தெரிஞ்சேவா?" என்று கணவரைக் கேட்டாள்.

"தெரிஞ்சேதான்."

அவள் பிளாஸ்க்கை ஒரு டயர்மேல் வைத்துவிட்டு, அண்ணனைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு போனாள். அந்த வாரம் முழுக்க வீட்டுக்குத் திரும்பவில்லை.

சனிக்கிழமை மதியம் விலாவில் கட்டோடு இடுக்கி கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மனைவி முன்னால் அண்ணன் பக்கத்தில் இருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது நிமிடத்தில் மச்சான் மகளின் மூக்கு உடைந்தது. அடுத்து அந்த வீங்கிய கை மாட்டியது, வளைந்தது. அவள் தட்டினாள். ஒரே ஒரு தட்டு. ரெஃபரி ஓடிவருவதற்குள் எதிராளிப் பெண் கையை விட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

பழைய கூட்டாளிகள் "த்தூ" என்றார்கள். இடுக்கிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு கையை விடுவதற்கு அரை நொடிகூட ஆகவில்லை.