மூன்றேகால் மணித் தட்டு

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? எனக்கு வந்தது பட்டப்பகலில். மணி மூன்றேகால். நம்பினால் நம்புங்கள். கதை கட்டுகிற அளவுக்கு எனக்கு எழுத்து வராது. நாற்பது வயதுக்கு மேல்தான் பேனா பிடித்தேன். பேயைப் பற்றிச் சொல்லப் பயமில்லை. என்னைப் பற்றிச் சொல்லத்தான் கூசுகிறது.

நான் தட்டு கழுவிய காபிக் கடையில் இரண்டு நாட்டுச் சாப்பாட்டையும் ஒரே தட்டில் வைப்பார்கள். ஒரு பாதியில் நம் பக்கத்துச் சோறும் குழம்பும். மறுபாதியில் கடல் தாண்டிய தேசத்து ரொட்டியும் சுட்ட காய்கறியும். சாப்பிடும்போதே சிலருக்குக் கண் கலங்கிவிடும். "எங்கம்மா கைப் பக்குவம் அப்படியே இருக்கு" என்று நம் ஆளும் சொல்வார், அந்தத் தேசத்து ஆளும் சொல்வார். "இத ஒரு வாய் தின்னு பாருங்க" என்று முன்பின் தெரியாத மேசைக்குத் தட்டைத் தள்ளுவார்கள். இதெல்லாம் நான் காதால் கேட்டதுதான். கழுவுகிற அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு சின்னச் சன்னல். எச்சில் தட்டு அதன் வழியாக வரும். என் முகம் அதில் தெரியக் கூடாது.

மிச்சத்தை நேராக வாளியில் கொட்ட வேண்டும். வாயில் வைத்தால் அன்றே சீட்டுக் கிழிந்துவிடும். முதலாளியம்மா போட்ட சட்டம் அது. எனக்கு மத்தியானச் சாப்பாடு கிடையாது. சம்பளம் வீட்டுக்குப் போய்விடும். வயிறு மட்டும் என்னோடு இருக்கும்.

மூன்று மணிக்கு ஷட்டர் இறங்கும். சமையல் மாஸ்டரும் மற்றவர்களும் மாடியில் கட்டையைச் சாய்ப்பார்கள். நான் மட்டும் கழுவிக்கொண்டிருப்பேன்.

வேலைக்குச் சேர்ந்த நாலாம் நாள். சன்னலில் 'டக்' என்று சத்தம். ஒரு தட்டு. ரொட்டிப் பாதி வழித்துத் துடைத்திருந்தது. சோற்றுப் பாதியில் கை படவில்லை. கடைசி மேசைத் தட்டு போலிருக்கிறது என்று நினைத்தேன். சுற்றிப் பார்த்தேன். அள்ளி வாயில் போட்டேன்.

சூடாக இருந்தது.

அடுப்பை அணைத்து அரை மணியாவது இருக்கும். அது அப்போது உறைக்கவில்லை. பசி.

மறுநாளும் மூன்றேகால். 'டக்'. ரொட்டிப் பாதி காலி, சோற்றுப் பாதி எனக்கு. அதற்கு மறுநாளும் அப்படியே. கரண்டி மட்டும் வராது. ரொட்டி இருந்த இடத்தில் நாலு விரல் வழித்த தடம்... ஒரு நாள் குனிந்து கூடத்தைப் பார்த்தேன். நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. ஷட்டர் பூட்டியிருந்தது. ஆள் இல்லை.

தெரிந்த பிறகும் தின்றேன். அதுதான் கேவலம். போகப் போக, சத்தம் கேட்டதும் "வந்துட்டியா மச்சான்" என்று சிரிக்கிற அளவுக்குப் பழகிவிட்டது. சோற்றுக்கு அடியில் ஒரு துண்டு மீன் ஒளித்து வைத்திருக்கும். வீட்டு ஆள் எடுத்து வைப்பது மாதிரி.

ஒரு வெள்ளிக்கிழமை. வாயில் சோறு. பின்கதவு திறந்தது. முதலாளியம்மா.

"என்னய்யா மெல்லுற?"

"ஒண்ணுமில்லம்மா."

"எச்சில் தட்ட நக்குறியா?"

தட்டு சன்னல் விளிம்பில்தான் இருந்தது. பாதிச் சோற்றோடு. நான் விழுங்கினேன்.

"நானா? எச்சில் திங்கிறவன் நாயி. மனுசனே இல்ல."

சத்தமாகத்தான் சொன்னேன். அம்மா முகம் வெளுத்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை.

சர்ர்ர்...

தட்டு நகர்ந்தது.

மெதுவாக... கூடத்துப் பக்கம்.

விளிம்பைத் தாண்டியது.

விழுந்த சத்தம் வரவில்லை.

அம்மா பின்கதவு வழியாக ஓடினார். ஒற்றைச் செருப்பு வாசற்படியில் கிடந்தது.

மறுநாளும் 'டக்'. தட்டு ஜில்லென்று இருந்தது. ரொட்டிப் பாதியும் அப்படியே இருந்தது. நானும் தொடவில்லை. மூன்று நாள் இப்படியே போனது. பொறுக்க முடியாமல் மாஸ்டரிடம் கேட்டேன்.

"எனக்கு முன்னால இந்த வேலையில யாரு மாஸ்டர்?"

வெங்காயம் நறுக்கிய கத்தி நின்றது.

"ஊமையன்னு கூப்பிடுவோம். ஊமை இல்லய்யா. அந்தத் தேசத்துக்காரன், நம்ம பாஷை தெரியாது. எச்சில் தட்டுல அவன் ஊரு ரொட்டிய மட்டும் எடுத்துத் தின்னுக்கிட்டிருந்தான். அம்மா புடிச்சிட்டாங்க. கூடத்துல நிக்க வச்சு, சாப்பிடுறவங்க முன்னாலயே..."

"என்ன சொன்னாங்க?"

மாஸ்டர் சொன்னார். நான் சொன்னதேதான். ஒரு எழுத்து மாறவில்லை.

"பாஷை தெரியாதவனுக்கு அது மட்டும் புரிஞ்சிடுச்சு. அப்புறம் பச்சத் தண்ணி குடிக்கல. அவனக் கூடம் கூட்ட விட்டாங்க. கழுவுற அறையப் பூட்டிட்டு வெளிய கழுவுனோம், நீ வந்துதான் தொறந்தது. நான் பாவம் பாத்து ஒரு தட்டு போட்டுத் தருவேன். தெனம் மூணேகாலுக்கு அத அப்படியே சன்னல்ல வச்சு உள்ள தள்ளுவான். யாருக்குடான்னா, உள்ள ஒருத்தன் பசியோட நிக்கிறான்னு சைகை காட்டுவான். இம்புட்டு உயரம்... ஒரு தோள் எறங்கி இருக்கும்னு..."

மாஸ்டர் அதோடு நிறுத்திவிட்டார். என் தோளையே பார்த்தார்.

இந்த வேலைக்கு வருமுன் மூட்டை தூக்கித் தூக்கி எனக்கு வலது தோள் இறங்கிவிட்டிருந்தது.

தன் தட்டையெல்லாம் எனக்குத் தள்ளிவிட்டு அவன் பட்டினியில் செத்து ஒரு வருஷம் கழித்துத்தான் நான் இந்த ஊரில் கால் வைத்தேன். வந்து... அவனைத்தான் நாய் என்றேன்.