மாம்பூத் தேன் என்று நான் எழுதியது

“…அடை மூடியிருந்துச்சு அண்ணாச்சி. மூடியிருந்தாத்தான எடுப்போம்? பூச்சி வச்சத எடுத்தேன், வடிகட்டுனேன், கொண்டாந்தேன். என் கையால ஒரு சொட்டு கலக்கல.”

இராஜபாளையத்தில் இருக்கும் என் நாட்டு மருந்துக் கடையின் முன்னால் நின்றுகொண்டு அந்தம்மா இதைச் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்து மாந்தோப்புகளில் தேன்பெட்டி வைத்திருப்பவர். ஆறு வருடமாக அவர் தேனைத்தான் விற்கிறேன். அன்று அவர் கையில் ஒரு தாள் இருந்தது. அதில் உள்ளதைச் சற்று முன்புதான் நான் படித்துச் சொல்லியிருந்தேன்.

தேன் விற்க வாய் வேண்டும். எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டுத் தேனை விட்டுக் காட்டுவேன். கரையாமல் அடிவரை போகும். ஒருமுறை ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கும் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, “நாப்பதாம் கவுண்ட் நூலு மாதிரி அறுபடாம எறங்குதே” என்றார். அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வந்தவர்களிடமெல்லாம், என் சொந்தச் சரக்கு போல அதையே சொன்னேன். அதே ஆள்தான் இன்னொரு நாள், “நீங்க பேசுனா வேப்பெண்ணெயும் இனிக்கும்” என்றார். சிரித்துக்கொண்டு கேட்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

கிருஷ்ணன்கோவிலில் குடியிருக்கும் வேதியியல் டீச்சர் ஒருவர் என் வாடிக்கை. பிள்ளைகளுக்குச் செய்துகாட்ட ஒரு பாட்டிலை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டுத்தான் வாங்கிப் போனார். தாராளமாக எடுங்கள், எங்கள் தேன் நின்று பேசும் என்று சொல்லி அனுப்பியவன் நான். பத்து நாள் கழித்துத் தாளோடு அவரே வந்தார். போனில் சொல்ல மனம் வரவில்லை என்றார்.

தேனில் ஈரம் சரியான அளவில்தான் இருந்தது. அதனால்தான் தண்ணீரில் அது அப்படி இறங்கியிருக்கிறது. அடுப்பில் காய்ச்சிய அடையாளமும் இல்லை. ஆனால் கரும்புச் சர்க்கரை நூற்றுக்கு ஐந்துக்குமேல் இருக்கக் கூடாதாம். இதில் அதைப்போல் இரண்டு பங்கு. மைக்ரோஸ்கோப்பில் வைத்து மகரந்தத்தையும் தேடியிருக்கிறார். நல்ல தேனில் எந்தப் பூ என்றுகூடச் சொல்லிவிடலாமாம். இதில் அங்கொன்று இங்கொன்றுதான் தட்டுப்பட்டதாம்.

“கலப்படம்னு நான் சொல்ல மாட்டேன் சார்,” என்றார் டீச்சர். “ஆனா இதைப் பூத்தேன்னும் சொல்ல முடியாது.”

மறுநாளே அந்தம்மாவை வரச் சொன்னேன். ஏமாற்றிவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் பேசப் பேசத்தான் விஷயம் விளங்கியது. ஐப்பசி கார்த்திகை மழையில் பூ கிடையாது. பட்டினி கிடந்தால் பூச்சி பெட்டியை விட்டே பறந்துவிடும். முந்தின வருடம் நாலு பெட்டி அப்படிக் காலியானது. அந்தப் பயத்தில் இந்த முறை தை பிறந்த பிறகும் சிரட்டையில் சீனித்தண்ணீர் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். குடித்தது போக மிச்சத்தைப் பூச்சிகள் அடையில் சேர்த்து மெழுகால் மூடிவிட்டன. மூடிய அடையைப் பார்த்த சந்தோஷத்தில் இவர் எடுத்துவிட்டார். சீனித்தண்ணீர் வைக்கிற காலத்து அடையைப் பூச்சிக்கே விட்டுவிட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. பின்னால் டீச்சர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தம்மா சொல்லி முடித்ததும் ஷெல்ஃபைப் பார்த்தேன். பதினோரு பாட்டில். ஒவ்வொன்றிலும் ‘மாம்பூத் தேன்’ என்று என் கையெழுத்து. அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. “தேன் கொண்டாந்திருக்கேன்” என்பார், அவ்வளவுதான். மாம்பூ நான் சேர்த்தது. அதை எழுதிய மாதம் இரண்டு முறை ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்திருந்தேன். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த தோப்புகளில் ஒரு மரம்கூட அப்போது பூக்கவில்லை. பார்த்த கண்ணும் எழுதிய கையும் என்னுடையவைதான். ஒன்று மற்றொன்றைக் கேட்கவே இல்லை.

“வெளிய தெரிஞ்சா அவ்வளவுதான் அண்ணாச்சி,” என்றார் மெதுவாக. “சீனித்தேன்காரின்னு பேரு வந்தா, எந்தத் தோப்புக்காரவுக பெட்டி வைக்க விடுவாக? என் பேர நம்பித்தான் எடம் குடுத்துருக்காக. பூச்சிய எங்க கொண்டு போவேன்?”

நான் ஒரு வழி சொன்னேன். டீச்சர் யாரிடமும் சொல்ல மாட்டார். இந்தப் பதினொன்றும் போய்விடட்டும். சாப்பிடுபவர்களுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. அடுத்த எடுப்பிலிருந்து சரியாக இருப்போம். அவருக்காகச் சொல்வதுபோலத்தான் சொன்னேன். அதில் பாதி எனக்காக.

அவர் தாளை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

அந்த நேரம் பார்த்து, பேண்டேஜ் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து ஒரு பெண் வந்தார். மாமியாருக்கு ஒரு வாரமாக இருமல், திப்பிலிப் பொடியும் தேனும் வேண்டும் என்றார்.

“மாம்பூத் தேன் வந்துருச்சாமே? அதையே குடுங்க. அவிய சீனிய வாயில வைக்க மாட்டாக.”

திப்பிலிப் பொடியை மடித்துக் கொடுத்தேன். பழகிய கை, தானாக ஷெல்ஃபுக்குப் போய் ஒரு பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தது. அந்தப் பெண் அதை எடுக்கக் கை நீட்டினார். அதற்குள் அந்தம்மா பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இது வேண்டாம்க்கா. மழைக்கு நான் பூச்சிக்கு வச்ச சீனித்தண்ணி இது. தெரியாம எடுத்துட்டேன். மாம்பூ இப்பத்தான் பூத்துருக்கு. மாசி கழியட்டும், நானே கொண்டாந்து தாரேன்.”

என் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைக்குள் ஏறினார். ஷெல்ஃபில் மிச்சமிருந்த பத்துப் பாட்டிலையும் ஒவ்வொன்றாக இறக்கித் தன் கட்டைப்பையில் அடுக்க ஆரம்பித்தார்.