சேங்கொட்டை மரத்தில் ஒரு கைத்தடி

இலை இல்லாத மரம் செத்த மரம் என்றுதான் நான் நம்பியிருந்தேன். வில்லியனூரில் நாட்டுமருந்துக் கடை வைத்து, கடுக்காயும் தான்றிக்காயும் சேங்கொட்டையும் விற்றே நரைத்தவன் இப்படி நம்பலாமா என்று கேட்காதீர்கள். எனக்குச் சரக்கெல்லாம் சாக்கு மூட்டையில்தான் காய்க்கும். மரத்தை யார் கண்டது?

மாசி மாதம், திங்கட்கிழமை விடியலில் ரயிலேறினேன். வெள்ளிக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்குள் கல்ராயன் மலைக்குப் போய்க் கடுக்காய்க்குப் பேசி முடித்துத் திரும்பிவிட வேண்டும். எங்கள் பிரெஞ்சு எல்லை தாண்டியதும் இங்கிலீஷ் சுங்கக்காரர் என் பையைக் கவிழ்த்தார். பிரெஞ்சுச் சாராயம் தேடியவருக்குச் சுக்குதான் கிடைத்தது. விழுப்புரத்தில் இறங்கிக் கள்ளக்குறிச்சிக்குப் பஸ். பிறகு மாட்டுவண்டியில் கச்சிராயபாளையம். இரவு அடிவாரத்தில் தங்கினேன்.

செவ்வாய் காலை, கடுக்காய் பொறுக்கி விற்கும் மாதனும் அவன் மனைவி செல்லியும் முன்னே நடக்க, நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னே ஏறினேன். மலைச்சரிவு முழுக்க மொட்டை மரங்கள். காலடியில் சருகு அப்பளமாய் நொறுங்கியது.

"இன்னாப்பா, உங்க காடு எழவு வூடு மாதிரி கீது? எல்லாம் செத்துப் போச்சே!"

"மழைக்கு வந்து பாருங்க. எல்லாம் எந்திரிச்சி நிக்கும்" என்றான் மாதன்.

என்னைப் போலவே கேலிக்காரன் என்று நினைத்துச் சிரித்தேன். சிரித்த வாயோடு பக்கத்தில் நின்ற மொட்டை மரத்தில் ஒரு கிளையைக் கைத்தடிக்கு முறித்தேன். செத்த கிளையிலிருந்து பால் வடிந்தது. துடைத்தேன். உள்ளங்கை கறுத்தது. சலவைத் துணியில் குறி போடுவார்களே, அந்தக் கறுப்பு.

செல்லி அலறினாள். "அய்யய்யோ, சேங்கொட்டையில போயி கைய வெச்சிட்டீங்களே! நாளைக்கு வெந்து கொப்புளிச்சிடும்!"

தாம்பூலத் தட்டு மாற்ற வேண்டிய கை அது. சீழ் பிடித்த கையைப் பார்த்தால் சம்பந்தி குஷ்டம் என்று நினைப்பார், பாதியில் எழுந்து போவார், மகள் அழுவாள், ஊர் பேசும். மலைமேல் நின்றபடியே கல்யாணத்தை நிறுத்தி முடித்துவிட்டேன்.

"தான்றி மரத்த மூணு சுத்து சுத்துனா வெசம் எறங்கிடும்" என்றான் மாதன்.

"எங்கப்பா அது?"

"ஓடைக்கு அந்தாண்ட."

ஓடினேன். ஓடைப் பள்ளத்தில் இறங்கியதும் வேறு காடு. வெயில் அணைந்துபோயிற்று. நாவலும் காட்டு மாமரமும் தலையோடு தலை முட்டிக்கொண்டு கன்னங்கரேலென்று தழைத்து நின்றன. கல்லெல்லாம் பாசி, அடிமரமெல்லாம் மிளகுக்கொடி, ஈர இடுக்குகளில் பெரணி. மேலே மாசி, கீழே கார்த்திகை! நின்று வியக்க வேண்டிய இடம். நான் பாசியில் வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினேன்.

மறுகரை ஏறினால் திரும்பவும் மொட்டைகள். எதற்கும் முகவரி இல்லை.

"இதான் தான்றி" என்றான் மாதன்.

"யோவ், கண்ணு அவிஞ்சி போச்சா? அது மருது. தோ, அதான் தான்றி" என்றாள் செல்லி.

"எத்தினி வருசமா பொறுக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"நீ எங்க பொறுக்குன? நான் பொறுக்குனத தூக்குன!"

இந்த வழக்கு தீரும்வரை என் கை பொறுக்குமா? இருவர் சொன்ன மரத்தையும் மும்மூன்று முறை சுற்றினேன். அப்போதும் மனம் ஆறாமல் தள்ளி நின்ற இன்னொன்றையும் சுற்றினேன். அதன் அடியில் காலில் ஏதோ குத்தியது. குனிந்து பார்த்தால் தான்றிக்காய்! சாக்குக்கு வெளியே அதை நான் பார்த்தது அன்றுதான்.

"நான் சொல்லல?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

கடுக்காய்ப் பேச்சை அப்படியே விட்டு மலையிறங்கினேன். திரும்பும் ரயிலில் வில்லியனூர் வயல்களைப் பார்த்தபடி வந்தேன். எங்கள் பக்கம் பசுமை என்றால் கண்ணுக்கெட்டியவரை பசுமை, அறுப்பு என்றால் எல்லாம் அறுப்பு. உதிர்ந்ததும் உதிராததும் அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் ஊரை நான் அதுவரை கண்டதில்லை. பார்க்கப் பார்க்கக் கை அரித்தது.

வெள்ளிக்கிழமை என் வலது கை மணிக்கட்டுவரை வீங்கி, கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது. சம்பந்தியிடம் நடந்ததைச் சொன்னேன். தட்டை என் தம்பி மாற்றிக்கொண்டான். நிச்சயதார்த்தம் நடந்தது.