சரியான இடத்தில் ஹேங் ஆன சிஸ்டம்

இன்று மன்னார்குடி ஸ்டூடியோவில் நான் மட்டும்தான். எடிட்டில் இருக்கும் தன் கல்யாண வீடியோவைப் பார்க்க மணப்பெண் ஷமீமா வந்தார். கல்யாணம் முடிந்த கையோடு கணவர் துபாய்க்குத் திரும்பிவிட்டார்.

வீடியோவை ஓடவிட்டேன். ஷமீமாவின் முகம் வாடியது.

"என்னங்க, மச்சான் முகமே தெரியல? எல்லாம் வீணாப் போச்சா?"

"இல்லங்க. ஒரிஜினல் பெரிய ஃபைல், இந்தப் பழைய சிஸ்டம் தாங்காது. அதனால சின்னதா, மங்கலா ஒரு காப்பி எடுத்து அதுல வெட்டி ஒட்டுவோம். ப்ராக்ஸின்னு பேரு. கடைசியில அந்த வெட்டெல்லாம் அப்படியே ஒரிஜினல்ல விழுந்துடும்."

"காலேஜ்ல அட்டெண்டன்ஸுக்குக் குடுப்போமே, அந்த ப்ராக்ஸியா?"

"அதேதான். பரீட்சைக்கு ஒரிஜினல் ஆளே வந்துடும்."

"எங்க வர்றாங்க? தினம் வீடியோ கால்லயும் மங்கலா ப்ராக்ஸிதான் வருது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அவர் நம்பட்டும் என்று ஒரு பட்டனைத் தட்டி ஒரிஜினலுக்கு மாற்றினேன். மாப்பிள்ளையின் முகம், தாடியோரத்து வியர்வை வரைக்கும் தெளிவாக வந்தது. அத்தோடு சிஸ்டம் ஹேங் ஆகி, அந்த முகம் திரையில் அப்படியே நின்றது.

ரீஸ்டார்ட் செய்யக் கை நீட்டினேன்.

"விடுங்க. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்."

நான் வெளியே போய் எதிரே இருக்கும் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் கிளம்பிய பிறகும் ரீஸ்டார்ட் செய்யவில்லை. அறையில் இன்னொரு ஆள் இருக்கிறார், திரையில். எனக்குப் பழக்கமில்லாதவர்தான், பரவாயில்லை.

உங்கள் சிஸ்டம் எப்போதாவது சரியான இடத்தில் ஹேங் ஆகியிருக்கிறதா?