வயதுக் கணக்கு

கணக்கு வாத்தியார் வேலை என்பது, விடை தெரிந்த கேள்வியைக் கேட்டுவிட்டு மற்றவன் விடைக்குத் தப்புப் போடுகிற வேலை. சாக்பீஸ் தூள் தின்று பிழைத்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கடல் தாண்டிய ரப்பர் சீமையில், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து ஆங்கிலப் பள்ளியில் நான் இருந்தபோது ரப்பர் விலை படுத்துவிட்டது. ரயில்வேயில் மாதாமாதம் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

பாதி ஆள்

சன்னாசியின் அப்பா தண்டவாளத்துக்குக் கல் போடும் கூலி. என் வகுப்பில் கணக்கில் கெட்டி சன்னாசிதான். பள்ளியின் கடைசிப் பரீட்சையான கேம்பிரிட்ஜ் தேறினால் ரயில்வேயில் கிளார்க் ஆகிவிடுவான் என்று அவர்கள் குடியிருந்த கூலி லயமே நம்பிக்கொண்டிருந்தது. நானும்தான்.

பழைய பாடத்தைத் திருப்பும்போது ஒருநாள், பன்னிரண்டு பேர் பத்து நாளில் முடிக்கும் வேலையை ஆறு பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்று கேட்டேன். சன்னாசி பலகையில் இருபது என்று எழுதினான். எழுதிவிட்டு இடத்துக்குப் போகாமல் நின்றான். என்ன என்று கேட்டேன்.

“புஸ்தகத்துக்கு இருபது சார். அப்பா கேங்ல பாதி ஆள நிறுத்திட்டாங்க, இப்பவும் பத்து நாள்லதான் முடிக்கச் சொல்றாங்க.”

பத்து நடக்குது

கணக்கு வாத்தியார் என்றால் பள்ளிக்கூடத்தின் வயதுப் பதிவேடும் அவன் தலையில்தான். அந்த வருஷம் புதிதாக ஓர் உத்தரவு வந்தது: பதினெட்டு முடிந்தவனுக்கு வகுப்பில் இடமில்லை. பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களை அடித்தேன். சன்னாசி பெயரும் அதில் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவன் அப்பா வந்தார். சத்தம் போடவில்லை. மகனுக்குப் பதினெட்டு இன்னும் முடியவில்லை என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். எட்டு வருஷத்துக்கு முன் அவனைச் சேர்த்தபோது பிறப்புச் சீட்டு இல்லை. கிள்ளான் பக்கம் எஸ்டேட்டில் பிறந்தவன். பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரத் துரை வயது கேட்க, அப்பா தமிழில் சொல்ல, நடுவில் நின்று ‘டென்’ என்றவன் நான். நம் ஜனம் நடக்கிற வருஷத்தைச் சொல்லும், வெள்ளைக்காரன் முடிந்த வருஷத்தைக் கேட்பான். எனக்குத் தெரியாததா? அன்று வாசலில் கூட்டம், அவசரம்.

“பத்து நடக்குதுன்னுதான் சாமி சொன்னேன். ஒம்பதுதான் முடிஞ்சிருந்துச்சு. படிச்சவங்க நீங்க, சரியாத்தான் சொல்லியிருப்பீங்கன்னு இருந்துட்டேன்.”

திருத்தப் போனேன்

தலைமை ஆசிரியர் துரையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பதிவேட்டைப் புரட்டினார். வருஷா வருஷம் ஒன்று கூட்டி, கீழே நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். வேறு சீட்டு ஏதாவது உண்டா என்றார். இல்லை. போன வாரம்தான் டிராயிங் வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். என் வீட்டில் மூன்று குழந்தைகள். துரை பதிவேட்டை மூடிவிட்டு இங்கிலீஷில் கேட்டார்:

“எட்டு வருஷமாக உங்களுக்குக் கூட்டத் தெரியவில்லை என்று இன்ஸ்பெக்டருக்கு எழுதட்டுமா?”

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஸ்டேஷனில்

அடுத்த மாதம் ஆள் குறைப்பில் அவன் அப்பா பெயரும் வந்தது. வேலை போன கூலிகளை இலவசமாக இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்துக்கு ரயில் காலையில். போகாமல் இருக்க முடியவில்லை, போனேன். சன்னாசி இந்தியாவைப் பார்த்ததே இல்லை. எனக்குத் திருப்பிக் கொடுப்பதற்கென்று ஜியோமெட்ரி புத்தகத்தை மூட்டைக்கு மேலே எடுத்து வைத்திருந்தான். நீயே வைத்துக்கொள் என்றேன். அதை வைத்து அங்கே என்ன செய்வான் என்று எனக்கும் தெரியாது.

அவன் கையில் கப்பல் சீட்டு இருந்தது. வாங்கிப் பார்த்தேன். அதில் வயது பதினெட்டு. இங்கேயாவது சரியான வயதைச் சொல்லியிருக்கலாமே என்றேன். அவன் அப்பாவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

“பள்ளிக்கூடச் சீட்டுல பதினெட்டுன்னு இருக்கு சார். இதுல மாத்திச் சொன்னா யாராச்சும் விசாரிப்பாங்க, உங்க வேலைக்கு ஆபத்து.”

அதற்குப் பிறகும் ரிட்டயர் ஆகும்வரை மற்றவன் விடைக்குத் தப்புப் போட்டுத்தான் சம்பளம் வாங்கினேன்.