பதினோரு ஓட்டைக் குடம்

மெக்கானிக் இன்னாசிராஜ் கண்ணை மூடிக்கொண்டு, வலது கையை முழங்கை வரை பித்தளைக் குடத்துக்குள் விடுவார். உள்ளே ஒரு போல்ட் இருக்கும். எட்டாத இடத்து போல்ட் எதுவானாலும், முதலில் குடத்தில் கழற்றிப் பார்த்த பிறகுதான் காரில் கை வைப்பார். "இன்ஜினுக்குள்ள கையை விட்டுட்டு யோசிக்கக் கூடாதுங்க. யோசனையெல்லாம் வெளியிலயே முடிச்சிரணும்."

குடம் அவர் மனைவி ரோசரியின் சீதனம். போல்ட் மாட்டுவதற்காக இதுவரை பதினோரு ஓட்டை போட்டிருக்கிறார். ஸ்பேனர்களை உலையில் காய்ச்சி, வாத்துக் கழுத்தாகவும் பாம்பாகவும் வளைத்து வைத்திருக்கிறார். எல்லாவற்றிலும் இரண்டு: ஒன்று குடத்துக்கு, ஒன்று காருக்கு. ஏன் என்று தென்னூரில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் விளக்குவார்.

அன்று ஹனீஃபா தன் பழைய காரைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்டார்ட்டரின் பல், இன்ஜின் சக்கரத்தைக் கடித்துக்கொண்டு விடவில்லை. ஸ்டார்ட்டரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தினால் விட்டுவிடும். முன்னது தளர்ந்தது. பின்னது இன்ஜினுக்குப் பின்னால், கண்ணுக்கே தெரியாத சந்தில். பின் சீட்டில் ஹனீஃபாவின் மகள் ஷரீபா. ஸ்ரீரங்கத்தில் இரண்டு மணிக்கு டீச்சர் வேலை இன்டர்வியூ. பிந்தினால் உள்ளே விட மாட்டார்கள். ஒரு மணி பஸ்ஸில் ஏறப் போனவளை, "எதுக்கும்மா, அஞ்சு நிமிஷம்" என்று நிறுத்தியவர் இன்னாசிராஜ்தான்.

மூன்று தடவை குடத்து போல்ட் அழகாகச் சுழன்றது. கையை எடுத்துக் காருக்குள் விட்டால் கோணம் மறந்துபோனது. நாலாவது தடவை அவர் ஸ்பேனரை விடவில்லை. மூடிய முஷ்டியைக் குடத்தின் கழுத்து வெளியே விடவில்லை.

"விட்டுட்டுக் கையை எடுங்களேன்" என்றாள் ரோசரி.

"விட்டா கோணம் போயிரும்."

"அப்ப குடத்தோடயே படுத்துக்குங்க."

"இத்துனூண்டு கழுத்தாப் பாத்து வாங்குனது உங்கப்பா."

"அண்ணே, ஒண்ணு இருபத்தஞ்சு" என்றார் ஹனீஃபா.

ஷரீபா இறங்கினாள். வளையல்களைக் கழற்றி அத்தா ஹனீஃபாவிடம் கொடுத்தாள். "மாமா, நீங்க குடத்துல திருப்புங்க. நான் இங்க திருப்புறேன்."

இருபது வருஷத்தில் அந்தக் குடத்தை யாரும் இவ்வளவு மதித்ததில்லை. இன்னாசிராஜ் குடத்தோடு எழுந்து காரின் பக்கத்தில் நின்றார். ரோசரி ஜோடி ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள்.

"கையைப் பாக்காதம்மா, அது உள்ள இருக்கு. முழங்கையைப் பாரு. தூக்கு. இன்னும். கவ்வுச்சா?"

"கவ்வுச்சு மாமா."

"என்கூடவே திருப்பு."

இரண்டு முழங்கைகள் சேர்ந்து உயர்ந்தன. போல்ட் முனகியது. ஸ்டார்ட்டரை ஹனீஃபா ஒரு தட்டுத் தட்ட, பல் விலகியது. அதே முழங்கைகள் எதிர்ப்பக்கம் திரும்பி போல்ட்டை இறுக்கின. ஷரீபாவின் கன்னத்துக் கிரீஸை ரோசரி முந்தானையால் துடைக்க, அது காது வரை பரவியது.

கார் கிளம்பியது.

"இப்பவாவது விடுங்க."

"இரு."

தெருமுனையில் வண்டி ஒரு தடவை இருமியது. இன்னாசிராஜ் குடத்தோடு ஓரடி முன்னே வைத்தார். பிறகு சத்தம் சீராகி, காவிரிப் பாலத்துப் பக்கம் தேய்ந்து, சைக்கிள் மணிகளோடு கலந்தது. இன்னும் கொஞ்சம் காது கொடுத்தார். அதற்கப்புறம்தான் குடத்துக்குள் ஸ்பேனர் விழும் சத்தம் கேட்டது.